விலை அதிகமான அடி

புதிதாகப் பை தூக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டது யார் என்று இதுவரை தெரியவில்லை. சேர்த்தது போதாதென்று, "வீட்ல காசு இருந்தாத்தான் கோல்ஃப்ல ப்ரோ ஆக முடியுமா?" என்று ஒருவர் கேட்டுவைக்க, பாதிப் பேர் ஆமாம் என்றும் பாதிப் பேர் திறமைதான் முக்கியம் என்றும் நாள் முழுக்க அடித்துக்கொண்டு, கடைசியில் "ரங்கண்ணே சொல்லட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டீர்கள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பச் சொன்னீர்கள். மாடி அறையில் ஒண்டியாக இருக்கிறவன் ஃபோனைப் பார்த்து மணிக்கணக்கில் பேசினால் கீழ் வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் எழுதுகிறேன். பொறுமை இருக்கிறவர்கள் படியுங்கள்.

எனக்கு ஊர் ஸ்ரீரங்கம். ஹோட்டல் வேலைக்கென்று பெங்களூருக்குப் போனவன், பக்கத்தில் இருந்த மைதானத்தில் பை தூக்கப் போய், அதிலேயே முடி நரைத்தவன். ஆடுகிறவனின் மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே நடப்பது, தூரம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், எந்த மட்டை என்று சொல்வது, இதுதான் கேடியின் வேலை என்று உங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. நம் பக்கத்தில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷனில் ஃபோட்டோ ஒட்டியிருப்பார்களே, அந்த ஆள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் புத்தூரில் இருக்கிற என் அக்கா வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டாள். பெண்ணின் அப்பா காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகும் இரண்டொரு இடம் வந்தது. ஆனால் வருடத்தில் பாதி நாள் ரயிலிலும் லாட்ஜிலும் இருக்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அப்படியே போய்விட்டது.

சரி, கேள்விக்கு வருகிறேன். காசு மட்டையை வாங்கித் தரும் என்றுதான் நீங்கள் எல்லோரும் நினைக்கிறீர்கள். மட்டை சின்ன விஷயம். பழைய மட்டையை வைத்துக்கொண்டு நன்றாக ஆடினவர்களை நான் பார்த்திருக்கிறேன். பையன்களில் சிலர் எங்களைப் போலப் பை தூக்கிக்கொண்டிருந்து, திங்கட்கிழமை மைதானம் காலியாக இருக்கும்போது ஆடிப் பழகி, பரிசுப் பணத்துக்கு ஆடுகிற ப்ரோ ஆனதும் உண்டு. அதனால் காசே வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம் உதாரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த உதாரணம் வேறு. அதைச் சொல்கிறேன்.

சலீம் பாலக்கரைப் பக்கத்துப் பையன். அவனுடைய அத்தா வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வேலையில் இருந்தார். மற்றவர்கள் லீவில் வரும்போது சென்ட்டும் போர்வையும் கொண்டுவருவார்கள். இவர், ஆட வந்தவர்கள் வேண்டாமென்று போட்டுவிட்டுப் போன மட்டைகளையும் குளத்திலிருந்து பொறுக்கின பந்துகளையும் கொண்டுவந்தார். ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் சிரித்தார்களாம். அந்த மட்டைகளை வைத்துக்கொண்டு சலீம் கொள்ளிடத்து மணலில் அடித்துப் பழகினான். மணல் குழியில் பந்து விழுந்தால் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரனுக்கும் முகம் சுருங்கும். இவன் மட்டும் சொந்த வீட்டு வாசலுக்கு வந்தவன் மாதிரி நிற்பான். புல்லில் அடிப்பதைத்தான் அவன் பிறகு கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

நானும் திருச்சிக்காரன் என்று கேள்விப்பட்டு, பெங்களூரில் என்னைத் தேடி வந்தான். "அண்ணே, நம்ம ஊர் ஆளு ஒருத்தர் இருக்கீங்கன்னாங்க. எனக்குப் பை தூக்குவீங்களா?" என்று கேட்டான். பையைப் பார்த்தேன். ஒரு மட்டைக்கும் இன்னொரு மட்டைக்கும் சம்பந்தமே இல்லை. அடித்துக் காட்டச் சொன்னேன். காட்டினான். அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டேன்.

அதே காலத்தில் ஆடிக்கொண்டிருந்தவன் கார்த்திக். மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். தாத்தா காலத்துக் கடை. பெங்களூரில் கோச், உடம்பு பிடித்துவிட ஓர் ஆள், போக வர ஃப்ளைட் எல்லாம் அவனுக்கு உண்டு. அதற்காக அவனை ஏதோ சினிமாவில் வருகிற பணக்காரப் பையன் மாதிரி நினைத்துவிடாதீர்கள். விடியுமுன் எழுந்து மைதானத்துக்கு வந்துவிடுவான். கை காய்த்துப்போய் இருக்கும். சலீமும் அவனும் நல்ல சிநேகிதம். ஒரே ஊர்க்காரர்கள், வெளியூரில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள், ஒருவன் சரியாக அடிக்காவிட்டால் இன்னொருவன் கிண்டல் செய்வான்.

கார்த்திக்கின் அப்பாவுக்கு மட்டும் இந்த ஆட்டம் கடைசிவரை பிடிபடவில்லை. ஒருமுறை கோயம்புத்தூரில் போட்டி. திருச்சியிலிருந்து கார்த்திக் தன் காரில் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டான். ஏறினால், பின் சீட்டில் மூன்று பண்டல். "என்னப்பா இது?" என்றேன். "அப்பாண்ணே. போறதுதான் போற, கரூர்ல இதை இறக்கிட்டுப் போன்னுட்டார்" என்றான். கரூரில் வெயிலில் நின்று பண்டலை இறக்கி, ஆள் வரும்வரை காத்திருந்து போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் சலீம் சிரித்துக்கொண்டே வந்தான். "உங்க அப்பாவுக்கு நீ ப்ரோ ஆனா என்ன, ஆகாட்டி என்னடா. வண்டி ஓட்டத் தெரிஞ்சா போதும்" என்றான். கார்த்திக்கும் சிரித்தான். இப்போது யோசித்தால், என்னைப் போல அவனுக்கும் வீட்டில் ஆட்டத்தைப் பற்றிப் பேசத் துணை இருந்ததில்லை.

இனி நான் சொல்லவந்த நாளுக்கு வருகிறேன். அதற்கு முன், எனக்கும் சலீமுக்கும் இருந்த ஓர் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். ஒரு ரவுண்டுக்கு ஒரு "நோ". அவன் எந்த மட்டையை எடுத்தாலும் நான் என் அபிப்பிராயத்தைச் சொல்லலாம், அவன் கேட்கலாம், கேட்காமல் விடலாம். ஆனால் ஒரே ஒரு தடவை நான் "நோ" என்றால், மறுபேச்சில்லாமல் மட்டையைப் பையில் திருப்பிப் போட்டுவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. பல நல்ல ஜோடிகளிடம் இந்த வழக்கம் உண்டு. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் பாதியிலேயே அதைச் செலவழித்துவிடாதீர்கள்.

வருடா வருடம் நடக்கிற தகுதிப் போட்டி. அதில் மேலே வருகிறவர்களுக்கு முழு கார்டு, அந்த வருடத்துப் போட்டிகள் எல்லாவற்றிலும் ஆடலாம். அதற்குக் கீழே கொஞ்சம் பேருக்குப் பாதி கார்டு. யாராவது வராமல் போனால் இடம் கிடைக்கும், மைதானத்து வாசலில் பையோடு காத்திருக்க வேண்டும். அதற்கும் கீழே போனால் ஒன்றும் கிடையாது. சலீமுக்கு அது கடைசி வாய்ப்பு. அவன் அத்தாவுக்கு இடுப்பு போய்விட்டது. வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டார். தங்கச்சி காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். அத்தா வேலை பார்த்த அதே இடத்தில் சலீமுக்கு விசா சொல்லிவைத்திருந்தார்கள். கார்டு கிடைத்தால் இங்கே ஆடுவான். பாதி கார்டு கிடைத்தால் வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி இன்னும் கொஞ்ச நாள் தாட்டலாம். இரண்டும் இல்லையென்றால் ஃப்ளைட் ஏற வேண்டியதுதான்.

கடைசி நாள், கடைசிக் குழி. சலீமும் கார்த்திக்கும் ஒரே குரூப். கார்த்திக் அந்த வாரம் முழுக்கச் சரியாக ஆடவில்லை, அவனுக்குப் பாதி கார்டுகூட வராது என்று முன்னமே தெரிந்துவிட்டது. சலீம் நன்றாக ஆடியிருந்தான். முன்னால் போன குரூப்பின் கேடி திரும்பிப் பார்த்து விரலால் கணக்கைக் காட்டினான். நிலவரம் எனக்குப் புரிந்தது. அந்தக் குழிக்கு உரிய கணக்கான ஐந்து அடியில் முடித்தால் பாதி கார்டு. ஒன்று குறைவாக முடித்தால் முழு கார்டு. ஒன்று கூடினால் வெறுங்கை. சலீம் இந்தமாதிரி விஷயங்களை எப்போதும் கேட்டுத் தெரிந்துகொள்கிறவன். கேட்டான், சொன்னேன்.

முதல் அடி இரண்டு பேருக்கும் நன்றாக விழுந்திருந்தது. எதிரே குழி இருக்கிற கிரீன். அதற்கு முன்னால் குளம். அயர்ன் என்கிற சின்ன மட்டையை எடுத்துக் குளத்துக்கு இந்தப் பக்கமே வைத்துவிட்டு, பிறகு நிதானமாகத் தாண்டலாம். அது பத்திரம், பாதி கார்டுக்குப் போதும். இல்லையென்றால் வுட் என்கிற நீள மட்டையை எடுத்து ஒரே அடியில் குளத்தைத் தாண்டி கிரீனில் விழ வைக்கலாம். முழு கார்டு வேண்டுமென்றால் அதுதான் வழி.

கார்த்திக் முதலில் அடிக்க வேண்டியிருந்தது. எது வந்தாலும் போனாலும் அவன் எப்போதும் செய்கிற மாதிரி, ஒரு நொடிகூட யோசிக்காமல் வுட்டை உருவினான். அடித்தான். பந்து குளத்தில் போய் விழுந்தது. "சரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பாக்கெட்டிலிருந்து வேறு பந்தை எடுத்துக்கொண்டு நடந்தான். அதில் திமிர் ஒன்றும் இல்லை. மழை வருகிறது, குடை எடுத்துக்கலாம் என்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னான்.

சலீம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கை அயர்ன் மேல் இருந்தது. எத்தனையோ போட்டிகளில் இப்படிப்பட்ட இடத்தில் அவன் அயர்னைத்தான் எடுப்பான். நன்றாக அடிக்கத் தெரிந்தவன், ஆனால் எல்லா வாரமும் பத்திரமான அடி. ஒரு வாரம் வெறுங்கையோடு போனால் அடுத்த ஊருக்கு டிக்கெட் எப்படி என்று யோசிக்கிறவன் வேறு எப்படி அடிப்பான்? அவனைக் கோழை என்று சிலர் சொல்லக் கேட்டு நான் சண்டைக்குப் போயிருக்கிறேன்.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன்" என்றான்.

"கேளு."

"எங்க அத்தா, கார்த்திக் அப்பா மாதிரி கடை வச்சிருந்தா, நான் இப்ப எதை எடுத்திருப்பேன்?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. "வுட்டைத்தான்" என்றேன்.

"தாண்டுமா?"

"உன் அடிக்குத் தாண்டும். தாண்டுறது வேற, தாண்டியே ஆகணும்ங்கிறது வேற. யோசிச்சுக்க."

அவன் அயர்னிலிருந்து கையை எடுத்தான். "அப்ப வுட்டைக் குடுங்கண்ணே" என்றான்.

அன்றைக்கு என் "நோ" மிச்சம் இருந்தது. அந்த ரவுண்டில் நான் அதைத் தொடவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் வுட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பான், பாதி கார்டோடு போயிருப்பான். பிள்ளைகளே, பை தூக்குகிறவனுக்குப் பயிற்சி எல்லாம் இந்த ஒரு மூச்சு நேரத்துக்குத்தான். காற்றைப் பார்த்தேன். பந்து இருந்த இடத்தைப் பார்த்தேன். அவன் முகத்தைப் பார்த்தேன். அது தப்பான அடி இல்லை. அந்தத் தூரம் அவன் கைக்கு அடங்கியது. கார்த்திக் எடுத்தபோது யாரும் அவனைத் தடுக்கவில்லையே, அவனுக்கும் சலீமுக்கும் கையில் என்ன வித்தியாசம்? கை ஒன்றுதான், விலைதான் வேறு. தப்பான அடியைத் தடுக்கத்தான் எனக்கு "நோ" கொடுத்திருந்தான். விலை அதிகமான அடியைத் தடுக்க இல்லை. அந்த விலையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவன் அவன். நான் வாயைத் திறக்கவில்லை. மட்டையைத் துடைத்துக் கையில் கொடுத்துவிட்டுப் பையோடு நாலடி தள்ளி நின்றேன்.

அடித்தான். நான் தோளில் பை போட்ட காலம் முழுக்க அதைவிடச் சுத்தமான சத்தத்தைக் கேட்டதில்லை. பந்து நேராகப் போனது. குளத்தைத் தாண்டியது. கிரீனின் விளிம்பில் விழுந்தது. அப்புறம் ஏதோ ஒரு மேட்டில் பட்டு நின்று, யோசித்து, மெதுவாகப் பின்னால் உருண்டு வந்து தண்ணீரில் இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் "ச்சே" என்றார்கள். சலீம் வுட்டை என்னிடம் கொடுத்துவிட்டு வேறு பந்தை எடுத்தான். மிச்சத்தை ஒழுங்காக முடித்தான், தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் கை கொடுத்தான். தண்ணீரில் விழுந்ததற்கான அபராத அடி சேர்ந்து ஒன்று கூடிவிட்டது. வெறுங்கை.

அன்றைக்கே ரயிலேறித் திருச்சிக்கு வந்துவிட்டோம்.

ஊருக்கு வந்த பிறகு கார்த்திக் சும்மா இருக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சலீமையும் என்னையும் மலைக்கோட்டைக் கடைக்கு அழைத்துப் போனான். சந்தில் தள்ளுமுள்ளு, கடைக்குள் பண்டல் பிரிக்கிற தூசி. அவன் அப்பாவிடம், "இவனுக்கு ஒரு வருஷத்துக்கு நாம ஸ்பான்சர் பண்ணலாம்பா. என்னைவிட நல்லா ஆடுறான்" என்றான். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிச் சலீமைப் பார்த்தார். "உக்காருங்க தம்பி. அத்தா எப்படி இருக்காங்க?" என்று விசாரித்தார். விசா வந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்புறம் என்ன யோசனை? போங்க தம்பி, சம்பாதிக்கிற வயசு. விளையாட்டு எங்க ஓடிப்போகுது? இவனுக்கு ஒரு விசா யாராவது குடுத்தா நானே ஏர்போர்ட்ல கொண்டுபோய் விட்டுட்டு வருவேன்" என்றார். கடைப் பையனைக் கூப்பிட்டு, "தம்பிக்கு நல்லதா ஒரு பேன்ட் பிட்டும் சட்டைத் துணியும் எடுத்துக் குடுப்பா" என்றார். நல்ல மனுஷன். மனசாரத்தான் கொடுத்தார். கார்த்திக் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். துணிப் பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு சலீம் சந்தில் எங்களுக்கு முன்னால் நடந்தது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. அந்த மாதமே அவன் போய்விட்டான்.

அடுத்த வருடம் கார்த்திக் என்னைப் பை தூக்கக் கூப்பிட்டான், போனேன். அந்த வருடமும் அவனுக்கு கார்டு கிடைக்கவில்லை. அதற்கு அடுத்த வருடம் கிடைத்தது. பிறகு நன்றாகவே ஆடினான், ஒரு போட்டியில் ஜெயிக்கவும் செய்தான். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஃபோன் போட்டால், தீபாவளி சீசனுக்குக் கடைக்கு எப்போது வருவாய் என்று அப்பா கேட்டாராம். அவன் வெற்றியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். உழைத்துத்தான் ஜெயித்தான். ஆனால் சலீமுக்குக் கிடைக்காத ஒன்று அவனுக்குக் கிடைத்தது. மட்டை இல்லை, கோச் இல்லை, ஃப்ளைட் இல்லை. தோற்றுவிட்டுத் திரும்பி வர ஓர் அடுத்த வருடம். பணக்காரன் அடிக்கிற அடியைச் சலீமும் அன்றைக்கு அடித்தான். பணக்காரனுக்கு இருக்கிற அடுத்த வருடத்தை அவனுக்கு நான் எங்கே போய் வாங்கித் தருவேன்? உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். குழுவில் இதை வைத்துக்கொண்டு மறுபடி சண்டை போடாதீர்கள்.

முழங்கால் போனதும் கார்த்திக்கிடம் சொல்லிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். உத்திரை வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ஞாயிற்றுக்கிழமை அக்கா புத்தூரிலிருந்து குழம்பு கொடுத்தனுப்புவாள். மற்ற நாளெல்லாம் நானும் டிவியும்தான். ஒருவன் மூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே அவன் பயந்திருக்கிறானா, தைரியமாக இருக்கிறானா என்று கண்டுபிடிக்கப் பழகியவன் நான். இங்கே மூச்சு விட இன்னொரு ஆள் இல்லை. இதைப் பற்றி யாரும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளுங்கள். வேலை என்ன என்று கேட்டால் கோல்ஃப் கம்பெனி என்று சொல்லுங்கள்.

போன மாதம் சலீம் லீவில் வந்தான். விசாரித்து என் அறையைக் கண்டுபிடித்துப் படியேறி வந்தான். உடம்பு கனத்திருந்தான், முன் நெற்றி ஏறியிருந்தது. அத்தா மவுத்தாகிவிட்டார், தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்றான். அந்த மைதானத்தில் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்கிற வேலையாம். பேரீச்சம்பழம் கொண்டுவந்திருந்தான். நான் டீ போட்டேன். வேலைக்காரர்கள் வாரத்தில் ஒரு நாள் அங்கே ஆடிக்கொள்ளலாமே, ஆடுகிறாயா என்று கேட்டேன். "இல்லண்ணே, பழக்கம் விட்டுப்போச்சு" என்றான்.

அவனைப் பார்த்ததும் அந்தக் கேள்வி தொண்டைக்கு வந்துவிட்டது. அந்த முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்றைக்கு அதே இடத்தில் நிறுத்தினாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் விலையைக் கொடுத்தவன் என்ன நினைக்கிறான் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. "அன்னைக்கு நான் நோ சொல்லியிருக்கணும்னு உனக்குத் தோணுச்சா சலீம்?" என்று கேட்டேன்.

டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"இல்லண்ணே. நீங்க சொல்லிடுவீங்களோன்னுதான் பயந்தேன்" என்றான். "அந்த ஒரு அடி அடிக்கிறப்ப மட்டும் என் தலைக்குள்ள வீடு இல்லண்ணே. அத்தா இல்ல, தங்கச்சி ஃபீஸ் இல்ல, விசா இல்ல. பந்து மட்டும்தான் இருந்துச்சு. அத்தனை வருஷம் ஆடியிருக்கேன், அப்படி ஒரு தடவைகூட இருந்ததில்ல. கார்த்திக் எப்பவுமே இப்படித்தான் ஆடுறானா?"

நான் அவனுக்குப் பை தூக்கியவன். கார்த்திக்குக்கும் தூக்கியவன். எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

"ஆமாம்ப்பா" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். "நல்லா ஆடட்டும்ணே" என்று சொல்லிவிட்டு எழுந்து செருப்பை மாட்டினான்.